எர்மிலோவின் உடம்பு

மெரிதா, 3 மார்ச் 1997

திருமதி எல்வியா அவர்களுக்கு,

நான் நெல்சி. எர்மிலோவின் மூத்த தாரத்து மகள். உங்களுக்கு எழுத வேண்டி வரும் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரே ஒரு கேள்வி. குடலிறக்க ஆபரேஷனில் அப்பா இறந்தாரே, மயக்க மருந்து கொடுத்த பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? அன்று அங்கே இருந்தவர் நீங்கள் ஒருவர்தான். தயவுசெய்து உடனே பதில் எழுதுங்கள்.

நெல்சி கனுல்


சாம்போத்தோன், 6 மார்ச்

நெல்சிக்கு,

பதின்மூன்று வருடமாக இந்த வீட்டில் நாங்கள் உயிரோடு இருக்கிறோமா என்று கேட்க உங்கள் யாருக்கும் ஒரு தபால்தலை கிடைக்கவில்லை. இப்போது விசாரணையா?

கல்லறைத் தோட்டத்தில் ஊரே பார்க்க உன் அம்மா என் கையைப் பிடித்து உலுக்கி என்ன சொன்னாள் தெரியுமா? "ஆபரேஷனுக்கு வயிறு முட்டத் தின்ன வச்சு அனுப்பிக் கொன்னுட்டியேடி!" அன்றிலிருந்து என் இறால் கடைக்கு வருகிறவர்கள்கூட என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள். என் மகன் வில்பெர்த் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டேதான் வளர்ந்தான்.

உன் அம்மாவுக்கு நிம்மதி வேண்டுமென்றால் பாதிரியாரிடம் போகட்டும். என்னைக் கிளறாதே.

எல்வியா


மெரிதா, 10 மார்ச்

எல்வியா அவர்களுக்கு,

கோபப்படுங்கள், ஆனால் இதைப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

எனக்குச் சிறுநீரகத்தில் கல். இங்கே வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கிற வியாதிதான். என்னுடையது வழியை அடைத்துக்கொண்டு சிறுநீரகத்தை வீங்க வைத்துவிட்டது. போன மாதம், வெளியிலிருந்தே அதிர்வலை அடித்து அதை உடைக்க என்னை மேசையில் படுக்க வைத்தார்கள். வெறும் வலி ஊசிதான் போட்டிருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் துள்ளினேன். குறி தவறுகிறது என்று பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

"இந்தத் தடவ முழுசாத் தூங்க வச்சிடலாம். அசையாமக் கெடப்பீங்க" என்றார் பெரிய டாக்டர். மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா ரெவேகாதான் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து ஒத்துக்காமப் போயிருக்கா?"

"எங்கப்பா மேசையிலயே போயிட்டாரு. எப்படின்னு தெரியாது."

அவர் பேனாவை மூடிவிட்டார். "தெரிஞ்சுக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் உங்களத் தொட மாட்டேன்." பெரிய டாக்டரோ, இனியும் தள்ளிப்போட்டால் சிறுநீரகம் போய்விடும் என்கிறார். அவர்கள் இருவரும் என் தலைக்கு மேலே சண்டை போடுகிறார்கள். எனக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்துவிட்டது.

யார் மேலும் பழி போட நான் கேட்கவில்லை. பயத்தில் கேட்கிறேன்.

நெல்சி


சாம்போத்தோன், 12 மார்ச்

நெல்சி,

தபாலை நம்பாமல் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

முதலில் இது: அவருக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை. காலையில் ஒரு வாய் தண்ணீர் கேட்டார். "டாக்டர் திட்டுவாரு, வந்து குடிங்க" என்றேன். முனகிக்கொண்டே உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஓடிவந்தாள். "ஐஸ் வேணும், எங்கயாவது ஐஸ் கொண்டாங்க!" கதவு திறந்து கிடந்தது, நான் பார்த்துவிட்டேன். தாடை பூட்டிக்கொண்டு, கால் இரண்டும் மரக்கட்டை மாதிரி விறைத்திருந்தன. உள்ளே ஓடித் தொட்டேன். உடம்பு அடுப்புக் கல் மாதிரி கொதித்தது. கத்தி வைக்கும் முன்பே இப்படியாம். மூக்கில் வாயுவைக் கொடுத்து, ஏதோ ஊசியும் போட்டிருந்தார்கள்.

மீன் துறைக்கு ஓடினேன். ஒரு மூட்டை ஐஸைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி ஓடிவந்தேன். அதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். "இதயம் நின்னுடுச்சும்மா" என்றார்கள், அவ்வளவுதான். அதற்கு மேல் கேட்க எனக்குத் தெரியவில்லை.

இதை இதுவரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. அந்த டாக்டரம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொல். என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிவி. அதுவரை எனக்குத் தூக்கம் வராது.

எல்வியா


மெரிதா, 19 மார்ச்

அன்புள்ள எல்வியா சித்திக்கு,

பிழைத்துவிட்டேன்.

உங்கள் கடிதத்தை டாக்டரம்மா நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து இன்னொரு முறை படித்தார். "சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. சில பேர் ஒடம்பு அந்த வாயுவையும் அந்த ஊசியையும் தாங்காது. பரம்பரையா வரும். ஒங்களுக்கும் இருக்கலாம்" என்றார். முழு மயக்கம் வேண்டாம் என்று பெரிய டாக்டரும் ஒத்துக்கொண்டார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்பை மரத்துப்போகச் செய்தார்கள். முழு விழிப்பில் இருந்தேன். விலா எலும்புக்குக் கீழே யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருப்பது போலச் சத்தம் மட்டும் கேட்டது. டாக்டரம்மா கடைசிவரை என் நெற்றியில் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருந்தார். கல் உடைந்து சிறுநீரில் மணலாகப் போய்க்கொண்டிருக்கிறது. வலிக்கிறது, பரவாயில்லை.

சித்தி, இது வில்பெர்த்துக்கும் இருக்கலாம், அவனும் அப்பாவின் பிள்ளைதானே. நாளைக்கு ஒரு பல் பிடுங்குவதானாலும் முதலில் இதைச் சொல்லச் சொல்லுங்கள். டாக்டரம்மா அவனைப் பார்க்க வேண்டுமாம். கூட்டிக்கொண்டு வாருங்கள்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அதைக் கையில் வாங்கி மடித்து வைத்தாள். பிறகு, "மூட்டையைத் தூக்கிக்கிட்டு அவளே ஓடினாளா?" என்று மட்டும் கேட்டாள். மன்னிப்பெல்லாம் அவள் வாயில் வராது, எதிர்பார்க்காதீர்கள்.

ஆனால் இன்று காலை நான் எழுந்து பார்த்தபோது, விருந்தாளிகள் வந்தால் படுக்கக் கட்டும் வலைத் தூளிகள் இரண்டைத் துவைத்து முன்னறையில் கட்டி வைத்திருந்தாள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உங்கள்
நெல்சி