பிளாஸ்டிக்கில் சீல் ஒட்டாது

அக்டோபர் 14, 2025, செவ்வாய்

பாலக்காட்டில் இன்றோடு டூட்டி முடிந்தது. எட்டு வருடம் போத்தனூரில் ரயில் ஏறி, அங்கே ஊசி போட்டு, திரும்பி வந்து இங்கே சோறாக்கிய பிழைப்பு. கூட வேலை பார்த்த பிள்ளைகள் கேக் வெட்டினார்கள். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன், எங்கே.

என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, கையில் இருக்கிறது. கேரள நர்சிங் பதிவேட்டிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். தமிழ்நாட்டுப் பதிவேட்டில் ஏறும்வரை இந்த ஒற்றைத் தாள்தான் நான். அதுவரை நிலோஃபர் எந்த ஊரிலும் நர்ஸ் கிடையாது. கேட்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

வேறு வழி? மாமிக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ், திங்களும் வியாழனும். என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் உட்கார்ந்துகொண்டு அம்மாவை "பாத்துக்க" என்கிறார். யார் பார்ப்பது? மாமிக்கு டயாலிசிஸ் நடக்கிற அதே ஆஸ்பத்திரியில், அதே யூனிட்டில் எனக்கு இடம் வைத்திருக்கிறார்கள். டிசம்பர் ஒன்றுக்குள் தமிழ்நாட்டுப் பதிவோடு சேர வேண்டும். சேர்ந்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

அக்டோபர் 18

மழை. பீரோ அறையில் ஓட்டை. வாளி வைத்தாயிற்று.

அக்டோபர் 28, செவ்வாய்

யா அல்லாஹ். எழுதக் கை வரவில்லை.

நாளைக்குச் சென்னைக்குக் கிளம்ப வேண்டும் என்று ஃபைலைப் பிரித்தேன். என்.ஓ.சி. பளபளவென்று இருந்தது. விறைப்பாக. நாலு பக்கமும் பிளாஸ்டிக். லேமினேட் பண்ணியிருக்கிறது!

மாமி சிரித்துக்கொண்டே வந்தார். "நாந்தான் கண்ணு, யூசுப் ஆட்டோல போயி ஒட்டிக்கிட்டு வந்தேன். நீ எட்டு வருசம் ஒழைச்ச காயிதம், மழைல நனைஞ்சு போச்சுன்னா? நல்ல கனமா போடச் சொன்னேன்."

அந்தத் தாளின் பின்பக்கத்தில் சென்னை நர்சிங் கவுன்சில் சீல் வைக்க வேண்டும். எதில் வைப்பது?

கத்திவிட்டேன். "உங்களுக்காகத்தான அந்த வேலையையே உட்டுட்டு வந்தேன்! நீங்களே என் தலைல மண்ணள்ளிப் போட்டீங்களே!" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எல்லாவற்றையும் எழுத மாட்டேன். மாமி அடுப்படிக்குப் போய்ச் சும்மா நின்றார்.

லேமினேஷன் கடைக்காரரிடம் ஓடினேன். "பிரிச்சா கையெழுத்தும் கூடவே வந்துருமுங்க, அப்பறம் என்னையச் சொல்லாதீங்க" என்றார்.

அக்டோபர் 30, வியாழன்

சென்னை. கவுண்ட்டரில் இருந்த அம்மா நல்லவர். எனக்காகவே ஒருமுறை சீல் வைத்துப் பார்த்தார். விரலால் துடைத்தார், மை அப்படியே வந்துவிட்டது. "பாத்தீங்களாம்மா? கேரளாவுலயே வேற வாங்கிட்டு வாங்க" என்றார்.

அவரைத் திட்டக்கூட எனக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

நவம்பர் 3, திங்கள்

திருவனந்தபுரம். பழையதை ஒப்படைத்து, நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி, முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டுமாம். எப்போது கிடைக்கும்? சொல்ல முடியாதாம். அதுவரை பாலக்காட்டிலேயே பழைய வேலையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். பெயரே எடுத்தாயிற்று, எப்படிப் பார்ப்பீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். சரிதானே.

திரும்பும்போது ரயில் எல்லையில் வாளையாற்றைத் தாண்டியது. எத்தனை ஆயிரம் முறை தாண்டிய இடம். இந்தப் பக்கமும் நான் நர்ஸ் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. நடுவில் எந்த ஊரில் போய் வாழ்வது? பக்கத்து சீட்டுக்காரர் என்ன வேலை என்று கேட்டார். சும்மா ஊட்டுல இருக்கேன் என்றேன்.

மஸ்கட்டிலிருந்து அவர் போன் பண்ணினார். "அம்மாகிட்ட பேச மாட்டேங்கறியாமே?" அம்மா சொன்னாராம். இல்லை, பேசுகிறேன் என்றேன். பொய்.

நவம்பர் 10, திங்கள்

நோட்டரி ஆபீசில் நாள் போயிற்று. "நான் யூசுப் ஆட்டோலயே ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன், நீ உன்ற வேலையப் பாரு அம்மணி" என்றார் மாமி. சரி என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 13, வியாழன்

மறுபடி திருவனந்தபுரம். பழையதோடு எல்லாக் காகிதமும் கொடுத்தாயிற்று. காத்திருக்கச் சொன்னார்கள்.

நவம்பர் 14, வெள்ளி

விடியலில் பஜ்ர் தொழுகைக்கு எழுந்தபோது மாமி கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். படுக்க முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி, தொட்ட இடம் குழி விழுந்தது. நேற்றுத்தானே டயாலிசிஸ் ஆனது?

யூசுப் அண்ணன் ஆட்டோவை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏனுங்க, அம்மா திங்கக்கெழமையும் வரல, நேத்தும் வரலீங்களே. நீங்க கூட்டிட்டுப் போறீங்கன்னு சொன்னாங்க" என்றார்.

இரண்டு முறை போகவில்லை! ஒரே வீட்டில் இருக்கிறேன். வீங்கிய காலைப் பார்க்கவில்லை. முகம் பார்த்தால்தானே கால் பார்ப்பேன்? நானெல்லாம் ஒரு நர்ஸ்.

யூனிட்டின் கண்ணாடிக் கதவு வரை தள்ளுவண்டியைத் தள்ளிப் போனேன். "கூட வந்தவங்க வெளிய நில்லுங்க" என்றது ஒரு சின்னப் பெண். நின்றேன். உள்ளே மாமி கையில் நரம்பு தேடி ஊசி ஏற்றுவது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அந்தப் பெண் நன்றாகவே செய்தாள். ஆனாலும் என் கை சும்மா இருக்கவில்லை, துப்பட்டா நுனியைப் பிய்த்துக்கொண்டே இருந்தது. இவர் போய்விட்டால் நான் என்ன பண்ணுவேன்? என் வாயை எங்கே கொண்டு போய் வைப்பேன்?

நர்சிங் சூப்பிரண்டெண்ட் அன்புக்கரசி மேடம் வந்து பக்கத்தில் நின்றார். ஒன்றாம் தேதிக்கு மேல் இடத்தை வைத்திருக்க முடியாது என்றார். "ஹெல்ப்பரா வேணா வாங்க நிலோஃபர். ஊசி, மருந்து எதுவும் தொடக்கூடாது. வாரீங்களா?"

யோசிக்கக்கூட இல்லை. வாரேனுங்க என்றேன்.

நவம்பர் 16, ஞாயிறு

மூச்சு சீராகிவிட்டது. அல்ஹம்துலில்லாஹ்.

ஏன் போகலை மாமி என்று கேட்டேன். விரிப்பை நீவிக்கொண்டே சொன்னார். "அங்க பெட்டு பெட்டா பீத்தி வெச்சிருந்தேன் கண்ணு. என்ற மருமக இங்கயே நர்ஸா வாரா, எனக்கு அவதான் ஊசி போடுவான்னு. போனா எப்ப வாரா எப்ப வாராங்கறாங்க. நானே கெடுத்துப்போட்டேன்னு எந்த மொகத்த வெச்சுச் சொல்லுவேன்?"

மன்னிச்சிருங்க மாமி என்றேன். கையைப் பிடித்துக்கொண்டு இருவரும் அழுதோம். எந்தப் படுக்கையில் யார் இறந்துவிட்டார்கள் என்று வார்டு பாய் எட்டிப் பார்த்தான்.

டிசம்பர் 1, திங்கள்

எனக்கு வைத்திருந்த இடத்தில் வேறொரு பெண் சேர்ந்தாள். வெள்ளை உடுப்பு. எனக்கு மேல் மாடி வார்டில் பழுப்பு நிறக் கோட்டு. விரிப்பு மாற்றினேன், பெட்பேன் கழுவினேன். ஒரு தாத்தாவின் கையில் ஊசி போட்ட இடம் வீங்குவதைப் பார்த்தேன், நானே ஊசியை எடுக்கக் கை நீண்டது. மடக்கிக்கொண்டு சிஸ்டரைக் கூப்பிட்டேன்.

டிசம்பர் 12

தபால் இல்லை.

டிசம்பர் 23

இல்லை. இனி வராதோ?

ஜனவரி 6, 2026, செவ்வாய்

வந்துவிட்டது! புது என்.ஓ.சி. கவரிலேயே பழையதையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ரத்து என்று சீல் வைக்க முடியவில்லை போலிருக்கிறது, மூலையைக் கத்தரித்திருக்கிறார்கள்.

மாமியிடம் நீட்டினேன். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய்விட்டார். "அங்கேயே புடி. நான் கண்ணுல பாத்துக்கறேன்" என்றார். பழையதை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன், இருக்கட்டும் என்றார்.

மார்ச் 2, திங்கள்

தமிழ்நாட்டுப் பதிவு கிடைத்து இன்று முதல் நாள். வெள்ளை உடுப்பு. டயாலிசிஸ் யூனிட் இல்லை, அதே மேல் மாடி வார்டுதான். நோன்போடு நின்றதில் கால் கடுத்தது, அது ஒரு பொருட்டாகவே இல்லை.

லுஹர் தொழுதுவிட்டு மாமியைப் பார்க்கக் கீழே இறங்கினேன். கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஒரு கையில் ரத்தம் ஓடிக்கொண்டிருக்க, மறு கையில் அந்த மூலை வெட்டின பிளாஸ்டிக் அட்டையைத் தூக்கிப் பக்கத்து பெட் அம்மாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது.

"இது கேரளத்துதுங்க. தமிழ்நாட்டுது பீரோவுல இருக்குதுங்க. அத மட்டும் நான் தொடமாட்டனுங்க."

கதவைத் தள்ளினேன். அன்று வெளியே நிற்கச் சொன்ன அந்தச் சின்னப் பெண்தான் நிமிர்ந்து பார்த்தாள்.

"வாங்க சிஸ்டர்" என்றாள்.