பாடு வரிசையிலிருந்து நம் வீட்டை எடுத்துவிட்டார்கள்

என் ஏழுமலை அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. நல்ல சேதி ஏதாவது கிடைத்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். கிடைக்கிற மாதிரி தெரியவில்லை, அதனால் இருப்பதை எழுதுகிறேன். அரசு ஊழியன் இப்படி எதையாவது அச்சில் போடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டுமோ என்னவோ. கேட்கவில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன். என் மேல் இருக்கும் குற்றங்களோடு இதையும் சேர்த்துக்கொள்.

ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் மறுபடியும் மணல் மூடித் தூர்ந்து கிடக்கிறது. உன் மகள் வனிதா பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், கோபத்தில் அப்படியே நீதான். அண்ணி மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் பெட்டி அடுக்கப் போகிறார். ஏரியில் முறை உள்ள வீட்டுப் பெண் ஏன் கம்பெனி வேனுக்குக் காத்து நிற்கிறாள் என்று கேட்பாய். முறை இல்லை அண்ணா. போன மாதம் நம் வீட்டை வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுக்க வைத்தவன் நான்.

உனக்குத் தெரியாதது இல்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்களைப் பாடு என்று பிரித்து, வீட்டுக்கு வீடு முறை வைத்திருக்கிறோம். முறை ஆண்பிள்ளை பெயரில்தான் வரும். முறை வந்த நாளில் அந்தப் பெயர்க்காரன் கையால்தான் முதல் வலை தண்ணீரில் இறங்க வேண்டும். அப்புறம் வலையை யார் இழுத்தாலும் அந்த வீட்டுக்குப் பங்கு உண்டு.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கிராமத்தார் கேட்டார்கள், "உங்க வூட்ல இனிமே யாரு?" அண்ணி என்னைக் கைகாட்டினார். தலைவர் தயங்கினார். "செல்வம் கவருமெண்டு ஆளாச்சேம்மா."

"அதனால இன்னா? ரத்தம் மாறிடுமா?" என்றார் அண்ணி.

நான் தலையாட்டினேன். உனக்குக் கொள்ளி வைத்த கைதானே, வலையையும் இறக்கட்டும் என்றுதான் நினைத்தேன். முன் அனுமதி இல்லாமல் அரசு ஊழியர் வேறு தொழில் செய்யக் கூடாது என்ற விதியைத் துறைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து தேறியவன் நான். 'தொழிலுக்குப் போறேன்' என்று சொல்லிவிட்டுத்தானே நீ தினமும் படகேறினாய்? வலை இறக்குவதும் தொழில்தான் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை.

முறை வரும் நாளெல்லாம் 'சொந்த வேலை' என்று தற்செயல் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வலையை இறக்கும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து வளர்ந்த தொப்பையைப் பார்த்து உன் கூட்டாளிகள் செய்த கேலியும் பிடித்திருந்தது.

இந்த நேரத்தில்தான் நம் ஊர்ப் பாடு இருக்கும் இடம் தங்கள் எல்லைக்குள் வருகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கொடுத்த மனு, எங்கள் அலுவலகத்தில் சுற்றிச் சுற்றி என் மேசைக்கே வந்தது. எனக்கு வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நியாயமாகத்தான் குறிப்பு எழுதினேன், சத்தியமாக. ஆனால் யார் நம்புவார்கள்? நான் வலை இறக்குவதை யாரோ செல்போனில் படம் பிடித்து, மேலதிகாரிக்குப் புகாரோடு அனுப்பிவிட்டார்கள். 'வலை போடுறவனே ஃபைலும் எழுதுறான்' என்று அதில் இருந்தது. எனக்கே அது நியாயமாகத்தான் பட்டது.

விளக்கம் கேட்டு மெமோ வந்தது. வேலை போய்விடும் என்று பயந்தேன் அண்ணா. அந்தப் பயத்தில் எழுதினேன். இறந்த அண்ணன் குடும்பத்துடன் எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. பாடு வரிசையில் என் பெயரை என் சம்மதம் இல்லாமல் கிராமத்தார் சேர்த்துவிட்டார்கள். படத்தில் இருப்பது அன்று ஒரு நாள் செய்த உதவி மட்டுமே. இப்படி மூன்று வரி. மூன்றும் பொய்.

விளக்கத்தை ஏற்றுக்கொண்டு, எச்சரிக்கையோடு விட்டார்கள். எங்கள் சூப்பிரண்டு அம்மா அன்று என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஆரம்பத்துலயே அனுமதி கேட்டு ஒரு தாள் எழுதிக் குடுத்திருக்கலாமே செல்வம்?"

"குடுத்திருப்பாங்களா மேடம்?"

"குடுத்திருப்பாங்க, குடுக்காமலும் இருந்திருப்பாங்க. பொய் எழுதுற நிலைமை வந்திருக்காது இல்ல?"

விதியின் மேல் பழியைப் போடலாம் என்று பார்த்தேன், அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

புகார் கொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? தகவல் உரிமைச் சட்டத்தில் என் விளக்கத்தின் நகலை வாங்கி நம் ஊருக்கே கொண்டுவந்தார்கள். அடுத்த கூட்டத்தில் அதை எல்லோர் முன்னாலும் வாசித்தார்களாம். "நாங்க இன்னா அவன் கையப் புடிச்சா இழுத்தோம்? அவனே வேணாம்னு எழுதிக் குடுத்துட்டான், அப்புறம் இன்னாத்துக்கு முறை?" என்று தலைவர் எழுந்துவிட்டார். ஓரமாக நின்றிருந்த அண்ணி, "கையெழுத்தக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டாராம். வனிதாவின் ரேங்க் கார்டில் நீ போனதிலிருந்து நான்தானே கையெழுத்துப் போடுகிறேன்? பார்த்ததும் தெரிந்துவிட்டது. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டாராம்.

இதையெல்லாம் வனிதாதான் போனில் சொன்னாள். "சித்தப்பா, நீங்களா அப்டி எழுதுனீங்க?" என்றாள். பரீட்சை எப்போது என்று பேச்சை மாற்றினேன். அவளே வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். 'வா செல்வம், சாப்ட்டியா?' என்று கேட்கிற அண்ணி, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "உக்காருங்க சார்" என்றார். செருப்பால் அடித்திருந்தாலும் தாங்கியிருப்பேன். உண்மையை எழுதிக் கொடுத்துவிடுகிறேன் அண்ணி, வேலை போனால் போகட்டும் என்று அழுதேன்.

"எழுதிக் குடுத்தா முறை திரும்பி வருமா?"

"வராது."

"அப்ப இருங்க. அவ காலேஜு சேரணும். ஒரு சம்பளமாவது இருக்கட்டும்."

அது கோபமா, கருணையா, இன்னும் எனக்கு விளங்கவில்லை. உள் அறையிலிருந்து வனிதா கடைசி வரை வெளியே வரவே இல்லை.

உண்மையை எழுதிய தாள் என் பையில் இருக்கிறது. தினமும் பொன்னேரி பஸ்ஸில் என்னோடு அலுவலகம் போய், என்னோடு திரும்பி வருகிறது. அண்ணி சொன்னதற்காகக் கொடுக்காமல் இருக்கிறேனா, அதே பழைய பயமா? நீ இருந்தால் என் மூஞ்சியைப் பார்த்தே சொல்லிவிடுவாய்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வனிதா படித்து முடிக்கும் வரை இந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன், அவள் முகம் கொடுத்துப் பேசாவிட்டாலும். அவள் சொந்தக் காலில் நிற்கும் அன்று அந்தத் தாளை அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, போனில் அவள் கேட்டதற்கு அவள் முன்னால் போய் நின்று, ஆமாம் என்று சொல்வேன். அதுவரைக்கும் உன் தம்பி என்று கையெழுத்துப் போட எனக்குக் கை வரவில்லை அண்ணா.

இப்படிக்கு,
வனிதாவின் சித்தப்பா
செல்வம்