மூன்றாம் பிரிவில் ஒரு பொய்ப் பெயர்

1997 பெப்ரவரி 3, திங்கள்

கந்தோரில் வேலை முடிந்து வந்தபோது கொழும்புக் கடிதம் மேசையில் கிடந்தது. தேசிய உதைபந்தாட்ட மூன்றாம் பிரிவுக்கு இந்த வருடம் இருபத்தைந்து வயதாம். நினைவு மலர் போடுகிறார்கள். ஒவ்வொரு கழகச் செயலாளரும் தன் கழக வரலாற்றை நாலு பக்கத்தில் எழுதி அனுப்பவேண்டும்.

எங்கள் துறைமுக ஐக்கியக் கழகத்துக்கு நாலு பக்கம் நிரம்புமா? 78இல் பிரிவில் சேர்ந்தோம். 83, கலவரத்தில் பாதியில் நின்றது. 85, சண்டை, ஆடவில்லை. 87, மூன்றே ஆட்டங்கள். 90, 91, ஆடவில்லை. ஒருமுறையும் மேலே போகவில்லை. கீழே விழவும் இல்லை. இதைத்தான் எழுதவேண்டும்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு பக்கம் வந்திருக்கிறது. போன நவம்பர் 17, குருநாகலில் நடந்த கடைசி ஆட்டத்தில் வந்து நிற்கிறேன்.

தோற்றிருந்தால் பிரிவை விட்டே போயிருப்போம். முதல்நாள் எங்கள் கோல்காப்பாளர் கனகசுந்தரத்துக்கு மலேரியா. மிச்சம் இருந்தவர் இராசதுரை, திரியாய்க் கிராமத்திலிருந்து சண்டையில் இடம்பெயர்ந்து எங்கள் ஊர் ஓர்ஸ் ஹில்லில் சைக்கிள் கடையில் வேலை செய்கிறவர். ஆட விடுவதற்கான அவருடைய பதிவு அட்டை கொழும்பிலிருந்து வந்திருக்கவில்லை. பயிற்றுநர் ஆதம்பாவா சொன்னார்: "கனகசுந்தரம் எண்டே எழுது, குணம். குருநாகலில ஆர் முகத்தப் பாக்கப் போறாங்க?"

எழுதினேன். என் கையெழுத்து. இராசதுரை பெனால்டி ஒன்றைத் தடுத்தார். எண்பத்தோராவது நிமிடத்தில் எங்கள் கிண்ணியா ஹிஸ்புல்லா கோல் அடித்தார். ஒன்றுக்குப் பூச்சியம்.

மலருக்கு, "கனகசுந்தரம் அபாரமாகத் தடுத்தார்" என்று எழுதியிருக்கிறேன். வேறென்ன எழுத ஏலும்?

பெப்ரவரி 20, வியாழன்

காலையில் ஓர்ஸ் ஹில்லில் இராணுவமும் பொலிசும் சுற்றிவளைப்பு. இராசதுரையைக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் மனைவி நல்லம்மா நேரே என் கந்தோருக்கு வந்தாள். "அண்ணை, உங்களுக்கு ஆக்களத் தெரியுந்தானே." எனக்கு யாரைத் தெரியும்? இருக்கச் சொல்லிக் கதிரையைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை.

பெப்ரவரி 22, சனி

காரணம் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

நவம்பர் 17 பின்னேரம் இறக்கக்கண்டிப் பக்கம் ஓர் இராணுவ ஜீப்புக்குக் குண்டு வைத்தார்கள். ஆட்களைக் காட்டிக்கொடுக்கிற முகமூடி போட்ட தலையாட்டி ஒருவன் இராசதுரையைப் பார்த்துத் தலையை ஆட்டியிருக்கிறான். அன்றைக்கு எங்கே நின்றாய் என்று கேட்டார்களாம். குருநாகலில் பந்தடித்தேன் என்று இவர் உள்ளதைச் சொல்லியிருக்கிறார். கொழும்பு உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்திருக்கிறார்கள். ஆட்டப் பட்டியலில் இராசதுரை என்று ஒரு பெயர் இல்லை.

வழியில் சோதனைச் சாவடிகளில் அடையாள அட்டையைப் பார்த்தார்களே தவிர, எங்கும் எழுதவில்லை. அந்தப் பட்டியல் ஒன்றுதான் சாட்சி. அதில் இருப்பது என் பொய்.

பெப்ரவரி 23, ஞாயிறு

மழை. மைதானத்துக்குப் போகவில்லை.

பெப்ரவரி 25, செவ்வாய்

உண்மையை எழுதிக் கொடுத்தால் என்ன நடக்கும் என்று, எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறையான ஆதம்பாவா காக்காவுடன் விதிப் புத்தகத்தைப் பார்த்தேன். ஆள்மாறாட்டம் செய்தால் வெற்றி ரத்து, கழகம் பிரிவிலிருந்து நீக்கம், செயலாளருக்கு ஆயுள்தடை.

காக்கா கண்ணாடியைக் கழற்றினார். "நான்தான் சொன்னன். என்ட பேரயும் எழுது."

"கையெழுத்து என்னுடையது காக்கா."

"ஹிஸ்புல்லாட துறைமுக வேல?"

அதுதான். அடுத்த மாதம் நேர்முகம். தேசியப் பிரிவு ஆட்டத்தில் கோல் அடித்த சான்றிதழுக்குத் தனிப் புள்ளிகள் உண்டு. ஆட்டம் ரத்தானால் கோலும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஐந்து வருடமாக வேலை தேடுகிறவர்.

வேறு வழி இருக்கும். விசாரிக்கவேண்டும்.

பெப்ரவரி 27, வியாழன்

சட்டத்தரணி சிவகுருநாதனிடம் போனேன். "வேற வழி இல்ல. நீங்கள் எழுதித் தந்தால் ஒரு பிடி கிடைக்கும். ஆனால் ஏன் பொய்ப் பெயர் போட்டனீங்கள் எண்டு பொலிசில உங்களையும் கூப்பிடுவினம்."

வீட்டில் மனைவி தங்கரத்தினத்துக்குச் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் அகப்பையை வைத்துவிட்டாள். "உங்களையும் பிடிச்சு வைச்சிருந்தா நான் ஆரிட்டப் போறது?"

நாளைக்கு எழுதலாம் என்று படுக்கிறேன். இப்படி எத்தனை நாளைக்கு?

மார்ச் 3, திங்கள்

நல்லம்மாவுக்குப் பத்து நிமிடம் பார்க்க விட்டிருக்கிறார்கள். வலது கையைத் தூக்கிச் சாப்பாட்டுப் பொட்டலத்தை வாங்க அவரால் ஏலவில்லையாம். இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும் - குருநாகலுக்குப் போகச் சாப்பாடு கட்டிக் கொடுத்தவளே அவள்தானே.

சீ. ஒன்பது நாள் என்ன செய்துகொண்டிருந்தனான்?

மார்ச் 4, செவ்வாய்

எழுதுவதற்கு முன் ஹிஸ்புல்லாவிடம் நேரே சொல்லவேண்டும் என்று கிண்ணியாவுக்குப் போனேன். ஃபெரிக்கு ஒன்றரை மணித்தியாலம் காத்து நின்றேன். அவருடைய தாய் ஆமினா உம்மா தேத்தண்ணி தந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என்ட கோலும் இல்லாமப் போகுமா சேர்?"

"ஓம்."

"நான் ஒரு பொய்யும் செய்யல்லயே."

"இல்லை."

தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தார். எழுதாதீர்கள் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். சொன்னால் நல்லது என்றும் மனதின் ஒரு மூலை நினைத்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"எழுதுங்க," என்றார். "ஆனா என்ட மனசு நல்லமா இருக்கெண்டு நினைக்காதீங்க." எழும்பி உள்ளே போய்விட்டார். ஆமினா உம்மா வாசல்வரை வந்தார்.

மார்ச் 5, புதன்

மூன்று பிரதி. பொலிசுக்கு, சம்மேளனத்துக்கு, குருநாகல் கழகச் செயலாளர் ரணவீரவுக்கு. சிவகுருநாதன் திருத்தித் தந்தார். மலருக்கு எழுதியதைக் கிழித்துப் போட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

பொலிசில் கூப்பிட்டார்கள். மூன்று மணித்தியாலம் மர வாங்கில் இருத்தி வைத்து, பிறகு ஒரே கேள்வியை நாலு விதமாகக் கேட்டார்கள். இன்னொருவனைக் காப்பாற்ற இப்போது பொய் சொல்கிறாயா? அப்போது சொன்னதுதான் பொய் என்றேன். எழுதிக்கொண்டு விட்டுவிட்டார்கள். வீட்டு வாசலில் தங்கரத்தினம் பக்கத்து வீட்டு ஆட்களோடு நின்றாள்.

மார்ச் 19, புதன்

கடிதத்துக்குப் பதில்தான் எதிர்பார்த்தேன். ரணவீர ஆளே வந்துவிட்டார். எட்டு மணித்தியாலம் பஸ். ஒவ்வொரு சாவடியிலும் இறங்கி ஏறி வந்திருக்கிறார். அறுபது வயதிருக்கும். கையில் இரண்டு கடதாசி உறை. ஒன்றில் அன்றைய நடுவரின் கையெழுத்திட்ட கடிதம். மற்றதில் ஆட்டத்துக்கு முன் இரண்டு அணியும் நின்று எடுத்த படம். பின்னால் ஸ்டூடியோ முத்திரையும் திகதியும். கோல்காப்பாளரின் சட்டையில் இராசதுரை.

என் அரைகுறைச் சிங்களத்தில் நன்றி சொன்னேன். அவர் கையை ஆட்டினார். "பெனால்டி அடித்தது என் மகன். தடுத்தவனின் முகம் எனக்கு மறக்குமா?"

பொலிசுக்கு இருவருமாகப் போனோம். அவர் என்னைவிடச் சத்தமாகக் கதைத்தார். திரும்பும்போது மட்டும் சொன்னார்: "புள்ளிகளை நாங்கள் எடுப்போம், செயலாளர். அது விதி."

"எடுங்கள்," என்றேன்.

தங்கரத்தினம் இடியப்பம் கட்டிக் கொடுத்தாள்.

ஏப்ரல் 2, புதன்

சம்மேளனத்தின் முடிவு வந்தது. ஆட்டம் ரத்து. கழகம் நீக்கம். எனக்கு ஆயுள்தடை. ஆதம்பாவா காக்காவுக்கு ஐந்து வருடம். பத்தொன்பது வருடத்துக்கு ஒன்பது வரி. மலரில் எங்களுக்கு ஒதுக்கிய பக்கங்களை வேறு கழகத்துக்குக் கொடுத்துவிட்டதாகத் தனித் துண்டு ஒன்றும் இருந்தது.

அழவேண்டும்போல் இருந்தது. களைப்புத்தான் வந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

ஹிஸ்புல்லாவின் சான்றிதழை ஏற்கவில்லை. மாமாவின் தோணியில் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறாராம். காக்கா சொல்லித்தான் தெரியும்.

ஏப்ரல் 24, வியாழன்

இராசதுரையை விட்டுவிட்டார்கள். அறுபத்து மூன்று நாள். நல்லம்மா சொல்லி அனுப்பினாள். போய்ப் பார்க்கத் துணிவு வரவில்லை.

மே 4, ஞாயிறு

கிண்ணியாவுக்குப் போனேன். ஹிஸ்புல்லா கடலில் என்றார்கள். தோணி கரையில்தான் கிடந்தது.

மே 11, ஞாயிறு

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இராசதுரை வந்தார். நான் போயிருக்கவேண்டும், அவர் வந்தார். பாதியாகிவிட்டார். வலது கை தோளுக்கு மேலே போகாதாம். சைக்கிள் கடையில் இடதுகையால் பழகுகிறாராம்.

அவர் கதிரையில் இருந்த உடனே சொல்லிவிட்டேன். பிந்தினால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும். "இராசதுரை, காரணம் தெரிஞ்ச பிறகும் நான் பதினொரு நாள் பொறுத்தனான். எழுதயில்ல."

"தெரியும் அண்ணை. காக்கா சொன்னவர்."

திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் கதிரையில் சாய்ந்தார்.

"தேத்தண்ணி இருக்கோ?"

தங்கரத்தினம் குசினிக்குள் போனாள். அவள் கொண்டு வருவதற்குள் கதிரையிலேயே நித்திரையாகிவிட்டார், வாய் சற்றுத் திறந்தபடி. தடுப்பில் நித்திரைகொள்ள விடுவதில்லை என்று நல்லம்மா சொல்லியிருந்தாள்.

எழுப்பவில்லை. வாசல் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினேன். ஐந்து மணியாகிறது. இன்னும் நித்திரைதான். தேத்தண்ணியைச் சூடாக்கி வைத்திருக்கிறோம்.