சட்டைப் பைக்குப் போகும் எண்

வைட்ஃபீல்ட், பெங்களூர்
ஆகஸ்ட் 2009

அன்புள்ள தம்பி சுஹாஸுக்கு,

அக்கா ஸ்வர்ணா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே நிருபமா சௌக்கியம், இரண்டாம் வகுப்பு போகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? டாலஸுக்குத் தபாலா என்று சிரிக்காதே. உன் இமெயிலும் நம்பரும் என் போனோடு போய்விட்டன. நீ அனுப்பிய பொம்மைப் பெட்டியின் மேல் விலாசம் இருந்தது, அதுதான் கைகொடுத்தது.

போன் சுவரில் பட்டு உடைந்தது. எப்படி என்று கேட்காதே. வீட்டில் இருக்கிறவளுக்குத் தனி போன் எதற்கு என்கிறார் உன் அத்திம்பேர்.

பொங்கலுக்கு வந்தபோது, இந்த ஊர்ப் பெண்கள் உதவி மையம் ஒன்றுக்கு உன் கம்பெனி செய்யும் சாஃப்ட்வேரைப் பற்றிச் சொன்னாய். உள்ளே நுழைய பாஸ்வேர்டா, ஒவ்வொரு தடவையும் போனுக்கு வரும் ரகசிய எண்ணா என்று எல்லோரையும் கேட்டாய். பாஸ்வேர்டு மறந்து போகும், போன் எப்போதும் கையிலேயே இருக்கும் என்று நீயே தீர்ப்பும் சொன்னாய், பெரிய மனுஷன் மாதிரி. யார் கையில் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் கீழ்வீட்டு மௌரீன் என்னை அந்த மையத்துக்குத்தான் அழைத்துப் போனாள். பொங்கலன்று நான் முழுக்கை ரவிக்கை போட்டதைக் கேலி செய்தாயே, அந்த விஷயமாகத்தான். போன் நம்பர் கேட்டார்கள். கேஸ் சிலிண்டருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பால்காரருக்கும் சொல்லிப் பழகிய நம்பர் வாயில் வந்துவிட்டது. அது அவருடையது.

மௌரீன் வீட்டுக் கம்ப்யூட்டரில் மையத்தில் கொடுத்த என் மனுவைப் பார்க்க உட்கார்ந்தால், உள்ளே நுழையும் எண் அவர் சட்டைப் பைக்குப் போய்விட்டது. சாயங்காலம், இது என்ன என்று கேட்டார். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன் என்றேன். சிலிண்டர் வந்து நாலு நாள்தான் ஆகிறது என்பது அவருக்கு ஞாபகம் வராமல் இருக்க வேண்டும்.

என் நம்பர குடுத்து மாத்திடு, அஷ்டே, அவ்வளவுதான் என்றாள் மௌரீன். மாற்றப் போனால் முதலில் பழைய நம்பருக்கு வந்த எண்ணைக் கேட்கிறது உன் சாஃப்ட்வேர். மையத்தில் கேட்டால், செய்தவர்களைத்தான் கேட்க வேண்டும் என்கிறார்கள். செய்தவன் என் தம்பி என்று சொல்ல வாய் வரவில்லை.

விசாரணைக்குத் தேதி வைத்ததும் மையத்தின் பெயரோடு அதே நம்பருக்குச் செய்தி போகுமாம். எப்போது என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் பையில் சத்தம் கேட்டாலே கைவேலையை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். பயமாக இருக்கிறதுடா. இந்தக் கடிதம் முந்துமா, அந்தச் செய்தி முந்துமா என்றும் தெரியவில்லை.

எப்படியாவது அந்த நம்பரை எடுத்துவிடு. பாஸ்வேர்டு வை, நான் மறக்கமாட்டேன். பதிலை மௌரீன் பெயருக்குப் போடு.

நீ தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவர் போனில் கூப்பிடு. ஸ்பீக்கரில் போட்டுத்தான் தருவார். நன்றாக இருக்கிறேன் என்பேன், சிரிக்கவும் செய்வேன். நீயும் சிரி. ஆனால் நம்பிவிடாதே.

உன் அக்கா,
ஸ்வர்ணா