பெண்கள் அணியில் உன் பேத்தி

என் ஆசை மச்சான் முத்துவேலுக்கு,

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆச்சு. கேலி பண்ண ஆள் இல்லாமல் என் வாய் துருப்பிடித்துக் கிடக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்றவன் எழுதுகிற கடுதாசி, பிழை இருக்கும். நீ மூன்றோடு நின்றவன், உனக்கென்ன தெரியவா போகிறது?

ஒரு செய்தி இருக்கிறது. படுத்தபடியே கேள், எழுந்திருக்காதே. உன் பேரை வைத்தார்களே, உன் மகனுடைய பிள்ளை, அது இப்போது உனக்குப் பேத்தி. பேர் தேன்மொழி. உன் பேர் போச்சு மச்சான்.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். தான் பொம்பளைப் பிள்ளைதான் என்று போன வருஷம்தான் வீட்டில் சொன்னாள். லாரி ஓட்டிப் போன உன் மகன் ஒரு மாசம் போனே பண்ணவில்லை. பிறகு ஒரு நாள் பண்ணி, "பிள்ளை சாப்பிட்டாளா?" என்று கேட்டான். அதோடு வீட்டுக்குள் பேச்சு முடிந்தது. தெருவில் கொஞ்ச நாள் பேசினார்கள். பருத்திக்கு விலை இல்லை என்று பேச வேண்டியிருந்ததால் இதை விட்டுவிட்டார்கள்.

இப்போது பிரச்சினை பள்ளிக்கூடத்துக் கபடியில் வந்திருக்கிறது. பி.டி. டீச்சர் தேன்மொழியைப் பெண்கள் அணியில் சேர்த்துவிட்டார். அணித் தலைவி பவித்ராவின் அப்பா பால்ராஜ், பந்தல்குடி ரோட்டில் டயர்க் கடை வைத்திருப்பவர், கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பெரிய டீச்சர் எல்லாரையும் கூப்பிட்டார். உன் மருமகள் கனகா வாசலில் வந்து நின்று, "சித்தப்பா, துணைக்கு ஒரு ஆளு வேணும். ஆனா அங்க வந்து கிண்டல் பண்ணிராதீக" என்றாள். போனேன்.

பால்ராஜ் கெட்டவர் இல்லை. நிதானமாகத்தான் பேசினார். "எம் மக விடியக்காலம் எந்திரிச்சு ஓடுறா, டீச்சர். மூணு வருசமா ஓடுறா. இந்தப் பிள்ளைக்கு ஒடம்பு வேற வாகு. மோதி கையி காலு போச்சுன்னா யாரு பாக்குறது?"

நியாயமான கேள்விதான். நீ என்ன சொல்லியிருப்பாய்?

பி.டி. டீச்சர், "பவித்ராதான் சார் தேன்மொழியவிட ஒரு சாண் ஒசரம். எடையும் கூட. திருநங்கைன்னு ஒரு வார்த்தையக் கேட்டதும் நீங்க பயில்வானை நெனச்சுக்கிறீங்க" என்றார். அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் சரியாகப் படும்போது நான் என்ன செய்வேன், தெரியுமே உனக்கு. டீயைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பெரிய டீச்சர் ஒரு படிவத்தை எடுத்தார். மேலே எழுதிக் கேட்க வேண்டுமாம். அதில் பழைய பேருக்கு ஒரு கட்டம். "அம்மா, பிள்ளையோட பழைய பேரைச் சொல்லுங்க."

கனகா தலையைக் குனிந்துகொண்டாள். "அது என் வாயில வராது, டீச்சர்."

டீச்சர் மறுபடி கேட்டார். "வராது டீச்சர். நான் சொன்னதே இல்ல."

பால்ராஜ் நாற்காலியை முன்னால் இழுத்தார். "பாத்தீகளா, எடுத்த எடுப்புலயே மறைக்காக. இதத்தான் நான் சொல்லுதேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யோவ் பால்ராஜு, அது அவ மாமனாரு பேருய்யா. எம் மச்சான் பேரு. மாமனாரு பேர மருமக எப்படிச் சொல்லுவா? உம்ம வீட்டுல உம்ம அப்பா பேரைச் சொல்லச் சொல்லும் பாப்போம்."

பக்கத்தில் இருந்த அவர் சம்சாரம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பால்ராஜுக்கும் உதடு ஆடியது. பேரை நான் சொல்ல, டீச்சர் எழுதிக்கொண்டார். ஆனாலும் அவருக்குச் சந்தேகம் தீரவில்லை. "அப்ப பதினாறு வருசமா பிள்ளைய எப்படித்தாம்மா கூப்பிட்டீங்க?"

"ஏய்னு கூப்பிடுவேன். கண்ணுன்னு கூப்பிடுவேன். இப்பத்தான் டீச்சர், பேரு சொல்லிக் கூப்பிடுறேன்" என்றாள் கனகா.

மச்சான், உன் பேரை வைத்து எத்தனை வருஷம் அந்தப் பொம்பளையின் வாயைக் கட்டிப்போட்டிருக்கிறோம் என்று அங்கேதான் எனக்கு உறைத்தது.

அப்பாவுக்குப் பின்னால் நின்ற பவித்ரா முன்னால் வந்தாள். "அப்பா, மோதப் போறது நானு. ஒருதடவ பிடிச்சுப் பாத்துட்டு நான் சொல்றேன்."

மைதானத்துக்குப் போனோம். இரண்டு அணியாகப் பிரித்தார்கள். தேன்மொழி முதலில் பாடிப் போனாள். பவித்ரா கணுக்காலைப் பிடித்து ஒரே இழுப்பில் கவிழ்த்தாள். இரண்டாவது தடவை தேன்மொழி இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பினாள். மூன்றாவது தடவை என்னால் கெட்டது. அவள் "கபடி கபடி" என்று மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு உள்ளே இருக்கிறாள், ஓரத்தில் நின்ற நான், "விடாதடா, தாண்டுடா!" என்று கத்திவிட்டேன். அந்தப் பிள்ளை என் பக்கம் திரும்பியது. பாட்டு நின்றது. அவுட்டு.

பக்கத்தில் வந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, "தாத்தா, அவுக டீம்ல உங்களையும் சேத்துக்கிரலாம்" என்றாள்.

"பழக்கம்ல, தாயி. நாக்கு சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது."

"தெரியும் தாத்தா. எனக்கும் கேட்டுப் பழகிருச்சு. பாடும்போது மட்டும் வேணாம், என்ன?"

சரி என்று தலையை ஆட்டினேன். வேறு என்ன செய்ய?

பவித்ரா தன் அப்பாவிடம், "இவளால நமக்கு ரெய்டுக்கு ஒரு ஆளு கூடுதுப்பா" என்றாள். பால்ராஜ், "உனக்குச் சரி. எதுத்து ஆடுற ஊருப் பிள்ளைகளோட அப்பன்கள் கேப்பாகல்ல? மேல இருந்து பதில் வராம நான் சம்மதிக்க மாட்டேன்" என்றார். மனுஷன் மாறவில்லை. அவர் சொன்னதில் பிசகும் இல்லை. ஒருநாள் ஆட்டத்தில் என்ன தெரிந்துவிடும்?

முடிவு இதுதான். பள்ளிக்குள் நடக்கிற ஆட்டத்தில் தேன்மொழி பெண்களோடு ஆடுகிறாள். வெளியூர்ப் போட்டிக்கும் பெண்கள் பட்டியலில் அவள் பேரை எழுதி, கூடவே ஒரு கடிதம் வைத்துப் பெரிய டீச்சர் அனுப்பியிருக்கிறார். வருகிற மாசம் போட்டி. பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டால் பையன்கள் அணியில் சேர்த்துவிடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். "அப்ப நான் வீட்டுல இருந்துக்கிறேன் சார்" என்றாள் தேன்மொழி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்கு அவள் ஆட வேண்டும் மச்சான். காரணம் எல்லாம் கேட்காதே. அவள் பாடிப் போகும்போது பார்த்தேன், வேறு எங்கேயும் அந்தப் பிள்ளை அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? கோபத்தில் ஒரு வேளைச் சோறு வேண்டாம் என்றிருப்பாய். மறுவேளைப் பசியில் சமாதானம் ஆகியிருப்பாய். அப்படித்தானே?

இந்தத் திங்கள்கிழமை கனகாவோடு விருதுநகருக்கு பஸ் ஏறுகிறேன், கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுக்க. சரி என்று பதில் வந்தால் அவளிடம் சொல்ல நூறு பேர் ஓடுவார்கள். முடியாது என்று வந்தால் ஒருத்தரும் போக மாட்டார்கள். அன்றைக்கு நான் போவேன். பக்கத்தில் உட்கார்ந்து, கேலி கிண்டல் ஒன்றும் இல்லாமல், உள்ளதை உள்ளபடி சொல்வேன். என் வாயை நம்பாத உனக்கு இந்த ஒரு சத்தியம்.

உன் தங்கச்சியைக் கட்டிய பாவத்துக்கு இன்றைக்கும் உன் மச்சான்,
குருசாமி