பெட்டி திறக்காத கிறிஸ்துமஸ்

இன்று காலை, நம் மகள் துபாயிலிருந்து அனுப்பிய பார்சலைப் பிரித்தேன். வெளிநாட்டுச் சோப்பின் மணம் வீடு முழுக்கப் பரவியது. நீ போன பிறகு வரும் முதல் கிறிஸ்துமஸ். எனக்கென்று அனுப்பிய சட்டையை மடிப்புக் கலையாமல் அப்படியே வைத்துவிட்டேன். மகிழ்ச்சியும் இல்லை, அழுகையும் வரவில்லை.

நான் கப்பலில் வேலை பார்த்த காலத்தில் ஒருமுறை, பதினோரு மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று மதியம்தான் திரேஸ்புரம் வந்து சேர்ந்தேன். கையில் இரண்டு பெட்டி நிறையச் சாமான். நீ அவற்றைத் திறக்கும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே வந்தேன். வீட்டில் நீ இல்லை. அடுத்த வீட்டில் இருந்தாய். ஸ்டெல்லாவின் கணவன் சங்கு குளிக்கக் கடலில் மூழ்கிய இடத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்து, படுக்கையில் கிடந்தான். நீ அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாய்.

"ஏளா, பதினோரு மாசம் கழிச்சு வாரேன். நீ இங்கன இருக்க!" என்று கத்தினேன்.

"மெதுவா பேசுங்க. ஸ்டெல்லா தூங்கி மூணு நாளாச்சு. இப்பதான் அசந்திருக்கா."

சுவரோரம் வெறுந்தரையில் அவள் கிடந்தாள். நீ கிண்ணத்தைக் கீழே வைத்தாய். "நிக்காதீங்க. இவர ஒரு கை பிடிங்க, புரட்டிப் படுக்க வைப்போம்."

பிடித்தேன். பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தோம். பெட்டிகளை மறுநாள்தான் திறந்தாய். அவற்றில் என்னென்ன இருந்தன என்பது எனக்கே மறந்துவிட்டது. எழுந்த ஸ்டெல்லா நம் இருவரையும் பார்த்து முகத்தைப் பொத்திக்கொண்டது மட்டும் மறக்கவில்லை.

அவள் கணவன் சில ஆண்டுகளில் இறந்தான். இந்த ஆண்டு நீ நோயில் படுத்தாய். ஸ்டெல்லா தினமும் வந்தாள். ஒரு மதியம், "அண்ணே, நீங்க போய்ப் படுங்க. மைனிய நான் பாத்துக்கிடுதேன்" என்றாள். படுத்தேன். விழித்தபோது நீ இல்லை.

அதன்பிறகு அவளிடம் சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் எழுப்பவில்லை என்று கேட்கவும் இல்லை.

இன்று பூசை முடிந்து, கோழிக்குழம்போடு வந்தாள். பாத்திரத்தை வைத்துவிட்டு வாசலருகே நின்றாள்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும் அண்ணே. மைனிக்கு மூச்சு வாங்கவும் உங்கள எழுப்ப எந்திரிச்சேன். மைனி என் கையப் பிடிச்சு நிறுத்திட்டாவ."

"என்ன சொன்னா?"

"'அசந்து தூங்குதாரு, எழுப்பாத'ன்னு சொன்னாவ. பொறவு பேசல."

அவளை உட்காரச் சொன்னேன். இருவரும் சாப்பிட்டோம். இப்போதும் அழுகை வரவில்லை. நீ கடைசியாகப் பேசிய பேச்சு என் தூக்கத்தைப் பற்றியது. அதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.