சனிக்கிழமை வழக்குகள் இப்போது என் பொறுப்பில்

‘என்னங்க’ என்றே கூப்பிட்டுப் பழகியதால், கடிதத்தில்கூடப் பெயர் எழுத வராத என் வீட்டுக்காரருக்கு,

போன ஆடியில் போனீர்கள். அடுத்த மாதம் திதி வருகிறது. அதற்குள் உங்களிடம் கேட்டுவிட வேண்டிய விஷயம் ஒன்று இருப்பதால்தான் எழுதுகிறேன். நீங்கள் நலமா என்று கேட்க வழியில்லை. நாங்கள் நலம்தான். மூத்தவனுக்குக் குரல் உடைந்துவிட்டது, பேசினால் உங்கள் தம்பி பேசுவது போல இருக்கிறது. சின்னவள் உங்கள் செருப்பை வாசலிலிருந்து எடுக்க இன்னும் விடவில்லை. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

உங்கள் நூலகத்தில் எனக்கு வேலை கொடுத்துவிட்டார்கள். கருணை அடிப்படையில் என்று ஆர்டரில் போட்டிருந்தது. நூலகர் வேலை இல்லை, உதவியாளர்தான். புது நூலகர் இன்னும் வந்து சேராததால் சாவி என்னிடம் இருக்கிறது. வீட்டு வாசலைத் தாண்டி மார்க்கெட்டுக்கும் கோயிலுக்கும் மட்டும் போய் வந்தவளைக் கொண்டுபோய் அத்தனை ஆம்பிளைகள் பேப்பர் படிக்கிற ஹாலில் உட்கார வைத்தால் என்ன ஆகும்? முதல் வாரம் முழுக்க எனக்கு முத்திரை குத்தக் கை நடுங்கியது. இப்போது நடுங்குவதில்லை. சத்தம் போட்டுப் பேசுகிறவர்களை ஒரு பார்வை பார்த்தால் போதும், அடங்கிவிடுகிறார்கள். அந்தப் பார்வை உங்களுக்குத் தெரிந்த பார்வைதான்.

சனிக்கிழமைப் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீங்கள் இருந்தவரை எனக்கு அந்தச் சனிக்கிழமைகளைக் கண்டாலே ஆகாது. ஊரில் எல்லா ஆம்பிளைகளும் சாயங்காலம் பெண்டாட்டி பிள்ளைகளைச் சினிமாவுக்குக் கூட்டிப்போக, நீங்கள் மட்டும் மீசை முளைக்கிற பையன்களையும் ரெட்டைச் சடைப் பெண்களையும் வைத்துக்கொண்டு பின் ஹாலில் என்னதான் செய்கிறீர்கள் என்று எரிச்சலாக இருக்கும். கேட்டால் சிரிப்பீர்கள். நான் வேலைக்குச் சேர்ந்த மறு சனிக்கிழமையே வந்து நின்றார்கள். பெஞ்சுகளை அவர்களாகவே இழுத்துப் போட்டார்கள். “அக்கா, இன்னைக்கு எந்தக் கேஸ்?” என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்புறம் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு கதையை ஒரு வாரம் எல்லாரும் படிப்பது. அதில் தப்புச் செய்த ஆளைச் சனிக்கிழமை கோர்ட்டில் ஏற்றுவது. ஒருவர் அவன் மேல் குற்றம் சாட்ட, இன்னொருவர் அவனுக்காகப் பேச, மீதிப் பேர் கை தூக்கித் தீர்ப்புச் சொல்வது. பட்டிமன்றம் கேட்டே வளர்ந்த ஊர்ப் பிள்ளைகள், பேச்சுக்குக் கேட்கவா வேண்டும்? எனக்கே பிடித்துப் போனது. கேஸ் எனக்கும் புரிய வேண்டுமே என்று நானும் கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். அடுப்பில் குழம்பு அடிப்பிடித்ததுகூட நடந்தது. நீங்கள் இருந்தபோது இப்படி ஒருநாள் படித்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பீர்கள்.

இனி எழுதப்போவதுதான் கஷ்டமான பகுதி.

இந்தக் கடிதம் யார் கண்ணிலாவது படலாம், அதனால் அந்தப் பெண்ணை இங்கே செல்வி என்று சொல்கிறேன். பெயரை மாற்றினாலும் உங்களுக்கு யாரென்று தெரிந்துவிடும். கோரிப்பாளையத்தில் சந்துக்குள் வீடு, பத்தாவது எழுதியவள், புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது கதையில் எதெது பொய் என்று சொல்லிவிட்டுப் போகிறவள். அவளுடைய அப்பா கப்பலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்தார். மாசியில் மிஷினில் வலது கை மாட்டி மூன்று விரல் போய்விட்டது. இனிமேல் அவரால் அந்த வேலை செய்ய முடியாது. கம்பெனிக்காரர் நல்ல மனசோ பயமோ, வீட்டில் யாராவது ஒருவர் வந்தால் பேக்கிங்கில் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். செல்விக்குக் கீழே இருக்கிற இரண்டும் சின்னதுகள். அதனால் செல்வி போவது என்று முடிவாகிவிட்டது. ரிசல்ட் வந்ததில் பள்ளிக்கூடத்திலேயே இரண்டாவது அவள். பதினொன்றாவது சேர்வதா, பேக்கிங்குக்குப் போவதா என்கிற பேச்சே அந்த வீட்டில் எழவில்லையாம்.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. அந்த வாரம் ஒரு பழைய மாதப் பத்திரிகையிலிருந்து ஒரு கதையை எடுத்தோம். அதில் ஒரு தகப்பன், படிக்கிற மகளை நிறுத்தி முறுக்குப் போடுகிற இடத்துக்கு வேலைக்கு அனுப்புகிறான். யார் குற்றம் சாட்டுவது என்று கேட்டேன். செல்வி எழுந்து நின்றாள். ஆசையாகக் கேட்கிறாளே என்று சரி என்றேன்.

அவள் பேசியது கதையில் இருந்த தகப்பனைப் பற்றி இல்லை. ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தன் அப்பா சாப்பிடும்போது என்ன சொன்னார், அம்மாவை என்ன சொல்லி அடக்கினார், ரிசல்ட் வந்த பேப்பரை எப்படி மடித்து வைத்தார், எல்லாம் வந்தது. “பெத்ததுனால மட்டும் ஒருத்தர் அப்பாவாயிர முடியாது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தகப்பனுக்காகப் பேச வேண்டிய பையன் எழுந்திருக்கவே இல்லை. குற்றவாளி என்று எல்லாக் கையும் உயர்ந்தன. ஹாலில் அவளுடைய சித்தப்பா மகன் உட்கார்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை.

மறுநாள் நூலகம் திறக்கும்போதே அவள் அப்பா வாசலில் நின்றார். கையில் துணி சுற்றியிருந்தது. சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. “அம்புட்டுப் பேரு முன்னால என்னையக் கூண்டுல ஏத்திப்புட்டா தாயீ. என்னையக் கூப்பிட்டு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?” என்றார். மேலதிகாரிகளுக்கு எழுதிப் போடப் போவதாகவும் சொன்னார். அவர் எழுதினால் என் வேலை நிலைக்குமா நிலைக்காதா என்ற பயம் வந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதைவிட அவர் கேட்ட கேள்விதான் உறுத்தியது. அன்றையிலிருந்து செல்வி நூலகத்துக்கு வரவில்லை.

ஜமீலா ஞாபகம் இருக்கிறதா? தர்கா பக்கம் அத்தர்க் கடை வைத்திருப்பவரின் மகள். அவள்தான் அன்று சாயங்காலம் வந்து மெதுவாகச் சொன்னாள்: “சார் இருந்தா செல்வியத்தான்க்கா அந்த அப்பாவுக்காகப் பேச வச்சிருப்பாரு. யாருக்கு ரொம்பக் கோவமோ அவுகதான் அந்த ஆளுக்காகப் பேசணும். அதான் சாரோட சட்டம்.”

எனக்கு எப்படி இருந்திருக்கும், நீங்களே சொல்லுங்கள். இத்தனை நாள் விளையாட்டுக்கு நடுவில் ஒரு முக்கியமான சட்டம் இருந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை. ஏன் முன்னமே சொல்லவில்லை என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தோம் என்றாள். சார் வீட்டில் சொல்லியிருக்க மாட்டாரா என்றாள். இல்லையம்மா, சார் வீட்டில் எதையுமே சொல்ல மாட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நெஞ்சு வலித்தபோது சோடா வாங்கி வரச் சொன்னது இந்தப் பிள்ளைகளிடம்தானே? வீட்டில் சொல்லாதீர்கள் என்று சொன்னதும் இவர்களிடம்தானே? அதுவும் இப்போதுதான் ஒவ்வொன்றாகக் காதுக்கு வருகிறது. இதற்காக உங்கள் மேல் இருக்கும் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, உங்கள் சட்டப்படியே செய்வோம் என்று செல்வி வீட்டுக்குப் போனேன். அவள் அப்பாவிடம், நீங்கள் கேட்டது நியாயம், வழக்கைத் திரும்ப எடுக்கிறோம், இந்தத் தடவை உங்கள் மகளே தகப்பன் பக்கம் பேசுவாள், நீங்கள் வந்து கேளுங்கள் என்றேன். துணி சுற்றிய கையை ஒரு தடவை பார்த்துவிட்டு, வாரேன் என்றார்.

வந்தார். சலவைச் சட்டை போட்டு, சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். செல்வி எழுந்தாள். அப்புறம் பேசினாள் பாருங்கள், நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கதையில் அந்தத் தகப்பன் ராத்திரி தூங்கினான் என்று எழுதவே இல்லையே, அவன் தூங்கவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன் என்றாள். பிள்ளைகளைப் பட்டினி போட்டுவிட்டு ஒருத்தியை மட்டும் படிக்க வைத்தால் அவனை நல்ல அப்பா என்று இந்தக் கோர்ட்டு சொல்லுமா என்று கேட்டாள். கடைசியில், “மகளப் பாத்து போன்னு சொல்லும்போது அவருக்கு நாக்கு எழலல்ல, அது போதும் எனக்கு” என்று சொல்லிவிட்டு அழுதாள். அவள் அப்பாவும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஜமீலா அழுதாள், நானும்தான். எல்லாக் கையும் அந்தத் தகப்பனுக்காக உயர்ந்தன.

இந்த இடத்தில் உங்களை நினைத்து நான் எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா? அது வெளியே வருகிறவரைதான். வாசலில் அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டு, “இப்பத்தான் தாயீ மனசு லேசாச்சு. பிள்ளைகளே சொல்லிருச்சு, நான் செஞ்சது தப்பில்லன்னு. ஒண்ணாந்தேதி கம்பெனியில சேத்து விட்டுர்றேன்” என்றார். செல்வி பக்கத்தில் நின்றாள். தான் ஜெயித்த வழக்கால் தனக்கே என்ன வந்தது என்று அவளுக்கு விளங்கிவிட்டதை அவள் முகத்தில் பார்த்தேன். அவர் மகளின் தோளில் நல்ல கையை வைத்து அழைத்துப் போனார்.

இதுதான் நான் கேட்க வந்தது. நீங்கள் போட்ட சட்டம் நல்ல சட்டமா? கோபப்பட்டவளைக் கொண்டு எதிராளிக்காகப் பேச வைத்தோம், அவள் மனசு இளகியது, அவர் மனசும் இளகியது. அப்புறம் அவளுக்காகப் பேச யார் இருந்தார்கள்? நீங்கள் இத்தனை வருடம் நடத்தினீர்களே, இப்படி ஒரு பிள்ளை தன் வாயாலேயே தோற்று வீட்டுக்குப் போன நாள் வந்ததில்லையா? வந்திருந்தால் அன்று ராத்திரி என் பக்கத்தில் படுத்துக்கொண்டு அதையும் சொல்லாமல் விட்டீர்களா? செல்வியின் அப்பாவைக் குறை சொல்லவும் எனக்கு வாய் இல்லை. உங்கள் உயிர் போன இடத்தில் நான் சம்பளம் வாங்குகிறேன். அவர் விரல் போன இடத்தில் அவர் மகள் வாங்கப் போகிறாள்.

அதற்கப்புறம் எனக்கு நாலு நாளாகச் சாப்பாடு இறங்கவில்லை. நேற்றுப் பகல் நூலகத்தில் கூட்டமில்லாத நேரம், செல்வியின் அம்மா வந்தாள். மகள் எடுத்துப் போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வந்ததாகச் சொன்னாள். கொடுத்த பிறகும் போகவில்லை. சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. கடைசியில் கேட்டாள்:

“நீங்க மொத மொதல்ல வேலைக்கு வரையில பயமா இருந்துச்சாக்கா?”

ரொம்பப் பயமாக இருந்தது, கை நடுங்கியது என்றேன். இப்போது எப்படி என்று கேட்டாள். இப்போது இல்லை என்றேன். “வீட்டுல யாராச்சும் ஒருத்தர்னுதான கம்பெனியில சொன்னாக? நான் போனா ஆகாதா?” என்றாள். “அவுககிட்ட இன்னும் கேக்கல. கேட்டா, ஒனக்கு என்ன தெரியும்பாக” என்றாள். எனக்கு எப்படி இருந்தது என்றால், என்னை நானே எதிரில் பார்த்த மாதிரி இருந்தது. அந்த முறுக்குக் கதையில் வருகிற அம்மாவும் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு தடவை வழக்கு நடத்தினோம், ஒரு பிள்ளைகூட அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. உனக்கு என்ன தெரியும் என்று நீங்களும் என்னைப் பார்த்துப் பலதடவை சிரித்திருக்கிறீர்கள். நீங்கள் செத்த பிறகுதான் எனக்கும் ஏதோ தெரியும் என்று சர்க்கார் ஒத்துக்கொண்டது.

இந்த ஒரு விஷயத்தில் உங்கள் சட்டம் எனக்கு வேண்டாம். நாளை வெள்ளிக்கிழமை, நூலகத்துக்கு வார விடுமுறை. காலையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். அவள் புருஷனிடம் அவளே பேசுவாள், நான் பக்கத்தில் நிற்பேன். அவள் வாயடைத்து நின்றால் மட்டும் நான் வாய் திறப்பேன். அவர் ஒத்துக்கொண்டாலும் ஒத்துக்கொள்ளாவிட்டாலும், அவளைக் கூட்டிக்கொண்டு கப்பலூர் பஸ் ஏறி அந்தக் கம்பெனிக்காரரையும் கேட்கப் போகிறோம். முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. செல்வியின் அப்பா கோபத்தில் மேலே எழுதிவிட்டால் என் வேலை என்ன ஆகும் என்றும் பயமாக இருக்கிறது. ஆனாலும் போகிறேன். பள்ளிக்கூடத்தில் இந்த வாரம்வரை இடம் கொடுக்கிறார்கள், அதற்குள் செல்வியைச் சேர்க்க என்னால் ஆனதைச் செய்யாமல் விடமாட்டேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு. போகிறேன் என்று சொல்லாமல் போகிற பழக்கம் எனக்கு இல்லை, அதனால்தான் முதல் நாளே எழுதிச் சொல்கிறேன்.

இன்னும் உங்கள் மேல் கோபம் ஆறாத,
உங்கள் மனைவி,
சரோஜா